மூச்சை அடக்காமல் முங்குவது எப்படி?

மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டிகள், பற்களுக்கிடையில் ரப்பர் கடிப்பான். "முழங்காலை மடக்கி மெதுவாகக் கீழே உட்காருங்கள், மூச்சு மட்டும் நிற்கக் கூடாது" என்றார் பயிற்றுநர். இதைவிட எளிய கட்டளை இருக்க முடியாது என்று நினைத்தபடி உட்கார்ந்தேன். தண்ணீர் தாடையைத் தாண்டியது, மூக்கைத் தாண்டியது, மாஸ்க்கின் கண்ணாடிமேல் ஏறியது. அந்த நொடியில் மார்பு தானாகப் பூட்டிக்கொண்டது. வாயில் இருக்கும் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று சற்றுமுன்தான் பத்து முறை இழுத்துப் பார்த்திருந்தேன். மூளைக்கு அது தெரியும், மார்புக்குத் தெரியவில்லை. ஐந்தாறு நொடிகள் அப்படியே உறைந்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒரு மூச்சு இழுத்தேன். கரகரவென்ற ஓசையோடு காற்று வந்தது. வெளியே விட்டபோது குமிழிகள் காதோரமாகக் கடகடவென்று உருண்டு மேலே போயின.

தண்ணீரைப் பற்றிச் சின்ன வயதில் நம் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: தலை உள்ளே போனால் மூச்சைப் பிடி. ஸ்கூபா டைவிங்கில் முதலில் மறக்க வேண்டியது அந்தப் பாடத்தைத்தான். பயம் வந்தால் மேலே பாய்வது, தடுமாறினால் கைகளை அடித்துக்கொள்வது என்று உடம்பு தானாகச் செய்ய விரும்பும் வேறு சிலவும் நீருக்கடியில் தவறாகப் போகின்றன. ஏன் தவறு என்று புரிந்துவிட்டால் பயிற்சியில் பாதிக் கிணறு தாண்டியது போல. மீதிப் பாதியைத் தகுதி பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தனியாகச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

தமிழில் 'மூழ்கினான்' என்றால் கதை முடிந்தது என்று பொருள். 'முக்குளித்தான்' என்றால் திரும்பி வந்துவிட்டான் என்று பொருள். நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

நீளமான குழாய் ஏன் உதவாது?

எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும் யோசனை இது. மூச்சுக்குழலை நீளமாக்கி, அதன் ஒரு முனையை மேலே மிதக்கவிட்டு, மறுமுனையை வாயில் வைத்துக்கொண்டு கீழே நடந்தால் என்ன? சிலிண்டர் எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் உயர நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 100 கிராம் எடையாக அழுத்துகிறது. மார்பின் முன்பக்கத்தை முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 900 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 90 கிலோ. குழாய் வழியாக நுரையீரலுக்குள் வருவதோ மேற்பரப்புக் காற்று. அதற்கு இந்த எடையை எதிர்த்துத் தள்ளும் வலு கிடையாது. அதாவது ஒரே ஒரு மீட்டர் ஆழத்தில், நெஞ்சின்மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க நீங்கள் மூச்சு இழுக்க வேண்டும். இரண்டு மூச்சுகூடத் தாங்காது. கடையில் விற்கும் மூச்சுக்குழல்கள் முழ நீளத்துக்கு மேல் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே தேவைப்படுவது காற்று மட்டும் இல்லை. எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே வரும் காற்று. இதைச் சாதிக்கும் கருவிதான் ரெகுலேட்டர். 1943ஆம் ஆண்டு பிரான்சில் கடற்படை அதிகாரி ஷாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் ஒரு வால்வை வடிவமைத்திருந்தார். இயந்திரம் உறிஞ்சும்போது மட்டும் வாயுவைத் திறந்துவிடும் வால்வு அது. இயந்திரத்தின் இடத்தில் மனித நுரையீரலை வைத்ததுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

வேலை செய்யும் விதம் அழகானது. சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. நேரடியாக வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டரின் கழுத்தில் பூட்டப்படும் ரெகுலேட்டரின் முதல் நிலை, காற்றின் அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடப் பத்து பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்கிவிடுகிறது. வாயில் இருக்கும் இரண்டாம் நிலைக்குள் ஒரு ரப்பர்த் தகடு. அதன் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உங்கள் வாய். நீங்கள் இழுக்கும்போது தகடு உள்ளே வளைந்து ஒரு நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகிறது. தகட்டை வெளியிலிருந்து அழுத்துவது கடல் என்பதால், உள்ளும் புறமும் சமமாகும்வரைதான் காற்று பாயும். ஆக, எவ்வளவு அழுத்தத்தில் காற்று வர வேண்டும் என்று கடலே அளந்து கொடுக்கிறது. ஆழம் கூடக் கூட நீங்கள் எதையும் திருகவோ மாற்றவோ வேண்டியதில்லை.

பத்து மீட்டர் கணக்கு

கடல்மட்டத்தில் நம்மீது இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொன்று சேரும். பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்பது பள்ளியில் படித்த பாயில் விதி. மேலே ஊதிய பலூனைப் பத்து மீட்டருக்குக் கொண்டுபோனால் பாதியாகும்; இருபதில் மூன்றில் ஒரு பங்கு; முப்பதில் கால்.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். முதல் பத்து மீட்டரில் பாதியாகச் சுருங்கிய பலூன், அடுத்த இருபது மீட்டரில் அந்தப் பாதியிலும் பாதியாகத்தான் சுருங்குகிறது. பெரிய மாற்றமெல்லாம் மேற்பரப்புக்கு அருகிலேயே நடந்துவிடுகிறது. கற்றுக்கொள்பவர்கள் புழங்கும் இடமும் அதுதான். 'ஆழம் கம்மிதானே, ஆபத்தில்லை' என்ற நினைப்பு தவறாவது இதனால்தான்.

இப்போது நுரையீரலுக்கு வருவோம். பத்து மீட்டரில் ரெகுலேட்டரிலிருந்து நெஞ்சு நிறைய ஐந்து லிட்டர் காற்றை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் அந்தக் காற்று பத்து லிட்டர் இடம் கேட்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் இல்லை. திசுக்கள் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் நுழைந்து, மூளைவரை போய்விடக்கூடும். இதற்குப் பத்து மீட்டர்கூடத் தேவையில்லை. நின்றால் தலை வெளியே தெரியும் நீச்சல் குளத்தில்கூட நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கி எழுந்தால் காயம் நேரலாம். மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள் என்று பயிற்றுநர்கள் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஓயாமல் சொல்வதன் காரணம் இது.

அப்படியானால் மூச்சடக்கி முக்குளிப்பவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அவர்கள் மேலேயே நிரப்பிக்கொண்ட காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. ஸ்கூபாக்காரர் கீழேயே நிரப்பிக்கொள்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

காது

புதிதாகக் கற்பவர்களை அதிகம் படுத்துவது சுறாவோ இருட்டோ இல்லை, காது. என் அனுபவத்தில் முதல் மூன்று மீட்டர்தான் கஷ்டமான ஆழம்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவியில் ஒரு சிறிய காற்றறை இருக்கிறது. கீழே இறங்கும்போது நீர் வெளியிலிருந்து செவிப்பறையைத் தள்ள, உள்ளே இருக்கும் காற்று சுருங்கிக்கொண்டே போகிறது. நடுச்செவியையும் தொண்டையின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழல் வழியாகக் கூடுதல் காற்றை அனுப்பி அதைச் சரிக்கட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தக் குழல் சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் திறக்கும். விமானம் இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'டொப்' என்று விடுபடுவது இந்தக் குழலின் வேலைதான்.

மூக்கை இரண்டு விரல்களால் மூடிக்கொண்டு, வாயையும் மூடி, மென்மையாக மூக்கு வழியே காற்றைத் தள்ளுவது பரவலான வழி. பதினேழாம் நூற்றாண்டில் பிறந்த இத்தாலிய உடற்கூறியலாளர் அந்தோனியோ வால்சால்வாவின் பெயர்தான் அதற்கு இன்றும். ஸ்கூபா மாஸ்க்கில் மூக்குக்கு மென்மையான ரப்பர் உறை இருப்பது இப்படிப் பிடிப்பதற்காகவும்தான். செய்ய வேண்டிய நேரம் முக்கியம்: வலித்த பிறகு செய்தால் தாமதம். வெளி அழுத்தம் கூடிவிட்டால் குழலின் வாய் ஒட்டிக்கொள்ளும்; பிறகு எவ்வளவு முக்கினாலும் திறக்காது. ஆகவே தலை தண்ணீருக்குள் போனதும் ஒரு தடவை, பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை. திறக்கவில்லையா? ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். கால் கீழாக இறங்கினால் எளிதாகத் திறக்கும்; தலைகீழாகப் போனால் சிரமம்.

என் இடது காது வலது காதைவிடச் சோம்பேறி. முதல் தடவை மற்றவர்கள் அடியில் மண்டியிட்டுக் காத்திருக்க, நான் மட்டும் பாதி வழியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியிருந்தால் செவிப்பறை கிழிந்திருக்கும். குளிர்ந்த நீர் நடுச்செவிக்குள் புகுந்தால் மேல் கீழ் தெரியாமல் தலை சுற்றும். வலியைப் பொறுத்துக்கொள்வதில் இங்கே ஒரு பெருமையும் இல்லை.

சளி பிடித்திருந்தால் அன்று முங்கக் கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமே என்று தோன்றும். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்துபோனால், விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மேலே வருவதே வேதனையாகிவிடும். காதில் அடைப்பான் செருகிக்கொள்வதும் வேண்டாம். அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் இடையே சிக்கும் காற்றை எந்தக் குழலாலும் சரிக்கட்ட முடியாது.

சிலிண்டரில் இருப்பது என்ன?

ஆக்சிஜன் சிலிண்டர் என்று செய்திகளில் எழுதுவார்கள். தவறு. பொழுதுபோக்கு முக்குளிப்பில் சிலிண்டருக்குள் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்று: 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். ஈரப்பதத்தை நீக்கி, வடிகட்டி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் அது நரம்புகளுக்கு நஞ்சாகி வலிப்பைக் கொண்டுவரும் அபாயம் உண்டு. காற்று உலர்ந்ததாக இருப்பதால் வாயும் தொண்டையும் காய்ந்துபோகும். சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு தாகமாக இருப்பது ஒரு விசித்திரம்.

எவ்வளவு நேரம் வரும்? 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. நிதானமாக இருப்பவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று கொண்டால் மேற்பரப்பில் இரண்டு மணி நேரம். ஆனால் பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு மடங்கு காற்று செறிந்திருப்பதால் ஒரு மணி நேரம். இருபது மீட்டரில் நாற்பது நிமிடம். அதிலும் கடைசி 50 பார் தொடக்கூடாத சேமிப்பு. ஆக, இருபது மீட்டரில் கையில் இருப்பது அரை மணி நேரம்தான். காற்றளவு காட்டும் கருவியை அடிக்கடி பார்ப்பது, புது வண்டி ஓட்டுபவர் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பழக்கமாக வேண்டும்.

நிதானமாக இருப்பவர் என்றேன். முதல்முறை யாரும் நிதானமாக இருப்பதில்லை. படபடப்பில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் மாறும். காற்று தொண்டைக்கும் வாய்க்கும் இடையே போய் வருமே தவிர நுரையீரலின் அடிவரை மாறாது. கரியமில வாயு தேங்கும். 'காற்றுப் போதவில்லை' என்ற உணர்வை எழுப்புவது பெரும்பாலும் கரியமில வாயுவின் மிகுதிதான், ஆக்சிஜன் குறைவு அல்ல. அதனால்தான் நிறைந்த சிலிண்டரைச் சுமந்துகொண்டே மூச்சுத் திணறுவதாக ஒருவருக்குத் தோன்றுகிறது. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். நீளமாக, முழுக்க விடுங்கள். அடுத்த மூச்சு தானாக ஆழமாக வரும்.

மிதக்காமல், அமிழாமல்

காதுக்கு அடுத்து, கற்க நாளாவது இதுதான். மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நடுநீரில் அசையாமல் நிற்பது. பார்க்க ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

நியோப்ரீன் ரப்பராலான வெட்சூட் என்னும் உடை உங்களை மேலே தூக்கும். ஈயக்கட்டிகள் கீழே இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் பேரம் பேசுவது பி.சி.டி. எனப்படும் காற்றுச் சட்டை. ஒரு பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து சட்டைக்குள் காற்று ஏறும், இன்னொன்றை அழுத்தினால் வெளியேறும். புதியவர்கள் இதை லிஃப்ட் பொத்தானாக நினைத்துக்கொள்கிறார்கள்: மேலே போக ஒன்று, கீழே போக ஒன்று. அங்கேதான் தவறு. மேலே ஏற ஏறச் சட்டைக்குள் இருக்கும் காற்று விரியும். விரிந்தால் இன்னும் வேகமாகத் தூக்கும். வேகமாகத் தூக்கினால் இன்னும் விரியும். ஆகவே மேலே வரும்போது காற்றை ஏற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். ஏறுவதைக் காலின் துடுப்புகள் பார்த்துக்கொள்ளும்.

நுட்பமான சரிக்கட்டல் எல்லாம் நுரையீரலின் வேலை. ஒரு லிட்டர் கூடுதலாக மூச்சு இழுத்தால் ஒரு கிலோ அளவுக்கு மேலே தூக்கும். விட்டால் அதே அளவு இறங்கும். ஆனால் விளைவு உடனே தெரியாது. இழுத்து இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் உடம்பு எழும்பத் தொடங்கும். அந்தத் தாமதம் தெரியாதவர்கள் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இன்னும் இழுப்பார்கள். பிறகு சர்ரென்று மேலே போவார்கள். பதறிப்போய்ச் சட்டைக் காற்றையெல்லாம் திறந்துவிட்டுக் கல்லாக விழுவார்கள். இந்த ஏற்ற இறக்க நாடகத்தை நானும் இரண்டு நாள் நடத்தினேன். மூன்றாம் நாள் நீச்சல் குளத்தின் அடியில் குப்புறப் படுத்து, துடுப்பின் நுனி மட்டும் தரையைத் தொட, மூச்சு இழுக்கும்போது மார்பு எழும்புவதையும் விடும்போது தாழ்வதையும் கவனிக்கச் சொன்னார் பயிற்றுநர். ஒரு கால் மணி நேரம். அதன்பிறகு கைகள் சும்மா இருக்கக் கற்றன.

ஈயம் எவ்வளவு என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. சட்டையைக் காலியாக்கி, சாதாரண மூச்சோடு நிமிர்ந்து அசையாமல் இருந்தால் கண் மட்டத்தில் மிதக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் இரண்டு கிலோ கூடச் சேர்க்க வேண்டியிருக்கும். காற்றுக்கு எடை ஏது என்று கேட்கக் கூடாது. 1800 லிட்டர் காற்று இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைச் சுவாசித்துக் குமிழியாக விட்டுவிட்ட பிறகு, திரும்பும் நேரத்தில் தக்கையாக மிதக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

நீச்சல் குள ஒத்திகை

பயிற்சியில் பலருக்கும் பிடிக்காத பாடம் மாஸ்க்கில் தண்ணீர் நிரப்புவது. வேண்டுமென்றே நிரப்புவது. நெற்றிப் பக்கத்து விளிம்பை விரலால் சற்று நெம்பினால் தண்ணீர் சில்லென்று உள்ளே இறங்கி, மூக்குத் துளையை மூடி, கண்ணுக்கு ஏறும். காட்சி கலங்கும். வாய் வழியாகக் காற்று ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் மூக்கில் தண்ணீர் பட்டதும் மூச்சை நிறுத்து என்றும், எழுந்து ஓடு என்றும் உடம்பு கத்தும். அப்போது வாயால் இழுத்து வாயால் விட்டு மூன்று மூச்சு நிதானிக்க வேண்டும். பிறகு மாஸ்க்கின் மேல் விளிம்பை இரு விரலால் நெற்றியோடு அழுத்திக்கொண்டு, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கு வழியாக நீளமாக விட வேண்டும். காற்று மேலே சேரும். தண்ணீர் கீழ் விளிம்பு வழியே வெளியேறும். இதைச் செய்து முடித்தவர்களின் முகத்தில் வரும் தெளிவை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். அதுவரை அவர்கள் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு கணத்துக்குத்தான்.

இறங்கும்போது மாஸ்க்குக்குள்ளும் மூக்கு வழியே கொஞ்சம் காற்று விட வேண்டும். இல்லையென்றால் அது முகத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சாதாரண நீச்சல் கண்ணாடி இங்கே உதவாததும் இதனால்தான்: அதற்குள் மூக்கு இல்லை. கண்ணாடி பனிபடாமல் இருக்க அதில் எச்சில் துப்பித் தேய்ப்பது பழைய முறை. விலை உயர்ந்த திரவங்கள் வந்தபிறகும் எல்லோரும் எச்சிலைத்தான் நம்புகிறார்கள்.

அடுத்தது, வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றுவிட்டால் கையை வட்டமாகச் சுழற்றிக் குழாயைத் தேடி எடுப்பது. அந்த இடைவெளியிலும் உதட்டைக் குவித்துச் சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது என்ற விதிக்கு இங்கும் விலக்கு இல்லை. கூட்டாளியின் காற்றைப் பகிர்ந்துகொள்வது இன்னொன்று. ஒவ்வொருவரிடமும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் உபரி ரெகுலேட்டர் ஒன்று தொங்குவது பக்கத்தில் இருப்பவருக்காக. தனியாக முங்கக் கூடாது என்பதன் காரணமும் அதில் அடங்கிவிட்டது.

பேச முடியாது என்பதால் எல்லாம் கைமொழி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம் 'நலம்'. விரித்த உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. கழுத்தின் குறுக்கே கையால் அறுப்பதுபோல் காட்டினால் 'காற்று தீர்ந்துவிட்டது'. எல்லோரும் தடுமாறும் சைகை ஒன்று உண்டு: கட்டைவிரலை உயர்த்துவது. கரையில் அது பாராட்டு. தண்ணீருக்குள் 'மேலே போவோம்' என்று பொருள். 'எப்படி இருக்கிறது?' என்று பயிற்றுநர் கேட்க, பரவசத்தில் நான் கட்டைவிரலைத் தூக்க, அவர் உடனே என்னை மேலே அழைத்துப் போய்விட்டார். ஒரே வகுப்பில் இரண்டு முறை.

மேலே வருவது

கீழே இறங்க அவசரப்படுபவர்களைவிட மேலே வர அவசரப்படுபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நுரையீரல் பற்றி ஏற்கெனவே சொன்னேன். இன்னொரு காரணம் நைட்ரஜன்.

அழுத்தம் கூடும்போது சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்குகிறது. ஒரு பெரிய அரங்கத்துக்குள் ஒற்றை வாசல் வழியாக ஒரு மணி நேரமாக மக்கள் ஒவ்வொருவராக நுழைந்து உட்காருவதைப் போல. நிகழ்ச்சி முடிந்து நிதானமாகக் கலைந்தால் சிக்கலில்லை. எல்லோரும் ஒரே நிமிடத்தில் வெளியேற முண்டினால் நெரிசல்தான். வேகமாக மேலே வந்தால் நைட்ரஜன் நுரையீரல் வழியாக வெளியேற நேரமில்லாமல் திசுக்களிலேயே குமிழியாகிவிடும். மூட்டு வலி, மரத்துப்போதல், கடுமையானால் பக்கவாதம் என்று போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலத்தின் அடித்தளம் தோண்ட, அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளுக்குள் வேலை செய்தவர்களுக்கு இது வந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இதற்கு ஆளாகி, மீதி வேலையைப் படுக்கையறையிலிருந்து கவனிக்க வேண்டியதாயிற்று. வலியில் வளைந்து நடந்ததைப் பார்த்து வைத்த பெயர்தான் 'பெண்ட்ஸ்'. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மேலே வர வேண்டும் என்ற அட்டவணைகளை ஆடுகளை வைத்துச் சோதித்து 1908இல் வெளியிட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அந்தக் கணக்கின் வழித்தோன்றலைத்தான் இன்று மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டராகக் கட்டிக்கொள்கிறோம்.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது பரவலான அளவு. ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பது பாதுகாப்பு நிறுத்தம். முங்கிய பிறகு உடனே விமானம் ஏறவும் கூடாது. மேலே அழுத்தம் இன்னும் குறைவு. ஒரே ஒரு முறை முங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை முங்கியிருந்தால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு முழு நாள் விட்டுவிடுவது இன்னும் நல்லது. விடுமுறைத் திட்டம் போடும்போதே கடைசி நாளைத் தரையில் கழிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

யார் கற்கலாம்?

இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, அறிமுக முக்குளிப்பு: அரை நாளில் அடிப்படைகளைச் சொல்லி, பயிற்றுநர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க, அதிகபட்சம் 12 மீட்டர்வரை அழைத்துப்போவார்கள். பிடிக்கிறதா என்று பார்க்க இது போதும்; ஆனால் இதோடு முக்குளிக்கத் தெரிந்தவராகிவிட முடியாது. மற்றது, ஓப்பன் வாட்டர் சான்றிதழ்ப் படிப்பு. பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற பயிற்சி அமைப்புகள் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே அச்சில் நடத்துகின்றன: கொஞ்சம் ஏட்டுப் படிப்பு, நீச்சல் குளப் பயிற்சி, பிறகு திறந்த நீரில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முங்கல்கள். மூன்று நான்கு நாள் ஆகும். முடித்த பெரியவர்கள் கூட்டாளியோடு 18 மீட்டர்வரை போகலாம். பாடியில் பத்து வயதிலிருந்து சேரலாம்.

நீச்சல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் முடிந்தால் போதும். வேகம் கணக்கில் இல்லை. மருத்துவப் படிவத்தில்தான் பலர் விளையாடுகிறார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, முன்பு நுரையீரல் சுருங்கிப்போன அனுபவம், காது அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதி மருத்துவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். கர்ப்பிணிகள் முங்கக் கூடாது. படிவத்தைப் படிக்காமலே கையெழுத்து வாங்கும் இடமாக இருந்தால், அங்கிருந்து திரும்பி வந்துவிடுவது நல்லது.

கடலில் முதல் தடவை இறங்கும்போது கண்ணும் காதும் கொஞ்சம் ஏமாற்றும். பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருக்கும் தூரத்தைவிட அருகிலும் தெரியும்; நங்கூரக் கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டி இரண்டு முறை தண்ணீரைப் பிடித்தேன். ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால், படகு எந்தத் திசையில் வருகிறது என்றே தெரியாது. எல்லாப் பக்கமும் வருவதுபோல் கேட்கும். சிவப்புதான் முதலில் காணாமல்போகும் நிறம். என் சிவப்புத் துடுப்புகள் பத்து மீட்டருக்குள் மண்நிறமாகிவிட்டன. கூட்டாளி டார்ச் விளக்கை அவற்றின்மேல் அடித்ததும், யாரோ ஊதி எழுப்பிய தணலைப்போல் சிவப்பு திரும்பி வந்தது.

அன்று 38 நிமிடங்கள் கீழே இருந்தோம். ஐந்து மீட்டரில் நின்று கம்ப்யூட்டர் மூன்று நிமிடத்தை எண்ணி முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூச்சைப் பற்றி நான் நினைத்தே வெகுநேரமாகிவிட்டது என்று உறைத்தது. மறுநாள் காலை, உபகரணம் எதுவும் இல்லாமல் நீச்சல் குளத்தில் சும்மா இறங்கினேன். முழங்காலை மடக்கித் தலையை உள்ளே முக்கியதும், ஒரு தயக்கமும் இல்லாமல் வாயால் மூச்சு இழுத்தேன். இருமி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.